பதினான்கு அங்குலம், ஆள் ஒன்று

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று யாராவது கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், தெருவோரம் தனியாக நின்ற பழைய காரைப் பார்த்தபோது மனதில் விழுந்த பொறி என்று. கூட்டங்களில் சொல்ல நன்றாக இருக்கும். ஆனால் பொய். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. என் கணவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒரு கார் வாங்கினார்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார். எங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே அதைத் தயாரிப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டே இருக்கை. துணிக்கூரை. கதவு என் இடுப்பு உயரம்கூட வராது. அதை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்டார். குழந்தை பள்ளியில் வாங்கிய கோப்பையைத் தூக்கிக் காட்டுமே, அந்த முகம்.

நான் வெளியே வந்தேன். பார்த்தேன். ஒரு வாக்கியம் சொன்னேன். (அது என்ன வாக்கியம் என்பதை ஐந்தாம் எண்ணில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுவீர்கள்.) பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். நான்கு மாதம் கழித்தும் அந்தக் கோபம் ஆறாததால் இந்தக் கதையை ஆரம்பித்தேன். எழுதுகிறவளைக் கட்டிக்கொண்டால் இந்த ஆபத்து உண்டு என்று அவருக்குக் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்தார்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

«நான்கு மாதமாக ஒரு மனிதன் ஒரு சக்கரத்தின் முன் குந்தியிருந்தான்.»

நான்கு மாதம் என்பது சரி. குந்தியிருந்தார் என்பதும் சரி. ஆனால் படிக்கிறவர்கள் யாரோ தவம் செய்கிற முனிவர் என்று நினைத்துவிடுவார்கள். அவருக்கு அந்த மரியாதையைக் கொடுக்க நான் தயாராக இல்லை. அடித்துவிட்டேன்.

இரண்டாவது:

«உலகத்தில் ஆண்கள் இரண்டு வகை. டயர் அளவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், மற்றும்»

உலகத்தில் எதுவும் இரண்டு வகை என்று ஆரம்பிக்கும் கதையை நானே படிக்க மாட்டேன். பாதியில் நிற்கிறது, அப்படியே நிற்கட்டும்.

மூன்றாவது:

«அவர் கண்ணாடிக் கடைக்காரர். யார் கண்ணில் எந்தப் பக்கம் எவ்வளவு குறை என்று சொல்லிவிடுவார். எதிரே உட்கார்ந்து சாப்பிடும் மனைவியின் முகம் மட்டும் அவருக்கு»

இது புலம்பல். புலம்பலுக்குக் கதை எதற்கு, என் மகள் போதும். வெளியூரில் வேலையில் இருக்கிறாள். தினமும் போனில் கேட்டுக்கொள்கிறாள்.

ஆனால் கண்ணாடிக் கடை என்ற தகவல் உண்மை, கதைக்கும் தேவை. கடையின் பின்பக்கம் சின்ன இருட்டறை. வந்தவர்கள் முகவாயை ஒரு தாங்கியில் வைத்துக்கொள்ள வேண்டும். சுவரில் எழுத்து தெரியும். அவர் ஒரு லென்ஸைப் போட்டு, மாற்றி, மறுபடி போட்டு, “இது தெளிவா, அது தெளிவா?” என்று கேட்பார். அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வார். இருபத்தாறு வருடமாக, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை இந்த ஒரே கேள்வி. கார் வந்த பிறகு வீட்டிலும் அது நுழைந்துவிட்டது. காலையில் நான் காபி குடிக்கும்போது இரண்டு படத்தை என் முன் வைப்பார். அட்டையில் ஒட்டிய காரின் பக்கவாட்டுப் படம். இரண்டிலும் சக்கரம் மட்டும் வேறு.

“இதுவா, அதுவா?”

“ரெண்டும் ஒண்ணுதான்” என்பேன், கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான்கு மாதம். ஞாயிற்றுக்கிழமை உட்பட.

3

கொஞ்சம் பாடம் நடத்த வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.*

டயரின் பக்கவாட்டில் இப்படி எழுதியிருக்கும்: 185/60 R14. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், ரப்பர் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. மூன்றாவது, நடுவில் இருக்கும் உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலத்தில். ஒரே வரிக்குள் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம். இதை முடிவு செய்த அன்று அறையில் யாரும் யாரோடும் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்போது அதே நிலைமைதான்.

காரோடு வந்தது 155/80 R13. சின்னச் சக்கரம், பருத்த ரப்பர். என் கணவருக்கு அது பிடிக்கவில்லை. பெரிய சக்கரமும் ஒல்லியான ரப்பரும் வேண்டும், வலைப்பின்னல் போட்ட அலாய் வீலாக இருக்க வேண்டும். ஆனால் டயரின் மொத்த உயரம் மாறக் கூடாது. மாறினால் வேகம் காட்டும் முள் பொய் சொல்லும். பொய் சொல்லும் கருவி இருக்கும் அறையில் அவரால் உட்கார முடியாது. அதனால் கணக்குப் போட்டார். சாப்பாட்டு மேசையில், குளியலறைக் கண்ணாடி ஆவியில், என் கைக்குட்டைப் பெட்டியின் பின்புறத்தில் எல்லாம் போட்டார். கடைசியில் 185/60 R14 போட்டால் பழைய உயரத்துக்கும் புதியதற்கும் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது என்று கண்டுபிடித்தார். அன்று குளியலறைக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது.

இன்னொரு அளவும் ஒத்துவந்தது: 175/70 R13. பழைய சின்னச் சக்கரத்திலேயே கொஞ்சம் அகலமான டயர். அதைப் பத்தியச் சாப்பாடு என்றார். உடம்புக்கு நல்லது, ஆனால் யாருக்கு வேண்டும்?

இந்தப் பகுதியை நான் முதலில் எழுதியபோது 185/60 R15 என்று தவறாக எழுதியிருந்தேன். மறுநாள் காலை பார்த்தால் 15 அடிக்கப்பட்டு, பக்கத்தில் பென்சிலில் 14 என்று இருந்தது. அதாவது, படித்திருக்கிறார். தன்னைக் கோமாளியாக்கி மனைவி எழுதிய நான்கு பக்கத்தைப் படித்துவிட்டு, ஒரே ஒரு எண்ணைத் திருத்தி, தாள்களை நான் வைத்திருந்த அதே கோணத்தில் வைத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பியிருக்கிறார். கோபமே வராத மனிதரோடு சண்டை போடுவதில் உள்ள சிரமம் என்னவென்றால்

(சரி, விடுங்கள்.)

* போர் அடித்தால் நேராக நான்காம் எண்ணுக்குத் தாவிவிடலாம். கதைக்குத் தேவையானது இவ்வளவுதான்: பதினான்கு அங்குலம் அழகு, பதிமூன்று அங்குலம் அடக்கம்.

4

எனக்கு அந்தக் கதாபாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. நான்கு மாதம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரை வைத்து எத்தனை பக்கம் கேலி செய்ய முடியும்? ஆறாவது பக்கத்தில் எனக்கே கொட்டாவி வந்தது. அவருக்கு ஏதாவது நடக்க வேண்டும். அல்லது அவர் யாருக்காவது ஏதாவது செய்ய வேண்டும்.

“அம்மா, அப்பாவைப் பத்தி எழுதறதுக்கு முன்னாடி அப்பாகிட்ட ஒரு தடவை பேசிப் பாரேன்” என்றாள் மகள்.

“பேசிட்டா அப்புறம் எதை எழுதறது?”

“அது சரி” என்று போனை வைத்துவிட்டாள். அப்பா ஜாடை.

தகவலையாவது சரிபார்த்துக்கொள்வோம் என்று டயர் கடைக்குப் போனேன். இரண்டு கார் அகலத்துக்கு ஒரு தகரக் கொட்டகை. சுவரை மறைத்து ஆளுயரத்துக்கு மேல் டயர் அடுக்கு. பேசிக்கொண்டிருக்கும்போதே கம்ப்ரசர் தானாக உறுமி, தானாக நிற்கும். கடையை நடத்துகிறவருக்குக் காத்தக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். வெறும் காற்றடிக்க மட்டும் வருகிறவர்களிடம் அவர் எதுவும் வாங்குவதில்லை, அதனால். அவர் என்னை அக்கா என்றார், நான் அவரை அக்கா என்றேன். வயதை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

“சொல்லுங்கக்கா, பஞ்சரா?”

“இல்லக்கா, ஒரு சந்தேகம். நான் கதை எழுதறேன். அதுல ஒருத்தர் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு 185/60 பதினாலு போடறார். அது சரியா உக்காருமான்னு தெரியணும்.”

“கதையில எதை வேணா போட்டுக்கலாமே?”

“தப்பா போட்டா வீட்ல ஒருத்தர் பென்சிலோட வந்துடறார்.”

துணியில் கையைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். “கண்ணாடிக் கடை சார் வீட்டு அக்காவா நீங்க?”

குட்டு உடைந்தது. நான் தலையை ஆட்டினேன்.

“அதை முதல்லயே சொல்றதுக்கென்ன! மாதிரிச் சக்கரம் ஒண்ணு வரவெச்சு, மாட்டிக்கூடப் பாத்தாச்சு. சாரை உள்ள உக்கார வெச்சு வண்டியை அமுக்கிப் பாத்தேன். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல என் விரல் தாராளமா போகுது. ஒரு ஆளுக்கு அருமையான சைஸ்.”

“ஒரு ஆளுக்கா?”

“ஆமாக்கா. ரெண்டாவது ஆள் ஏறினா பின்னாடி இன்னும் எறங்கும்ல? ஒரு சின்னப் பள்ளம் போதும், மட்கார்டு ஓரம் டயரைச் சீவிடும். ஓரத்தைத் தட்டி உள்ள மடக்கிடலாம் சார்னு சொன்னேன். ஒரிஜினல் தகடு, அதுமேல சுத்தியே படக் கூடாதுன்னுட்டார்.”

“அப்போ ரெண்டு பேர் போகணும்னா?”

“பதிமூணுதான். 175/70. ரெண்டு பேரும் ஏறி, மேல மூட்டை முடிச்சைப் போட்டாலும் சத்தம் வராது.”

“ரெண்டு பேர் ஏறுவாங்களான்னு நீங்க அவர்கிட்டக் கேக்கலியா?”

இது அவருக்குப் பிடிக்கவில்லை. “கேக்காம இருப்பனா? வண்டி என்னன்னு கேக்கறதுக்கு முன்னாடியே எத்தனை பேர் ஏறுவீங்கன்னுதான் நான் கேப்பேன். அது தெரியாம சைஸ் சொல்ற வழக்கமே இந்தக் கடையில கிடையாது. அவங்க கையாலயே எழுதி வாங்கிடுவேன்.” ஆணியில் குத்தியிருந்த தாள்களில் ஒன்றை உருவி என்னிடம் நீட்டினார்.

வண்டி, சக்கரம், டயர் என்று வரிசையாக இருந்தது. கடைசிக் கட்டத்தில், மருந்துச் சீட்டு மாதிரி இல்லாமல் யாருக்கும் புரியும்படி எழுதுவதில் பெருமைப்படும் என் கணவரின் உருண்டைக் கையெழுத்தில்:

ஆள்: 1

“சனிக்கிழமை காலைல ஆர்டர் போயிடும்” என்றார் காத்தக்கா. “இந்த வண்டிக்குன்னே துளை அளவு பாத்து செய்யறது. செஞ்சுட்டா திருப்பி எடுக்க மாட்டாங்க.”

5

நேராகவே சொல்லிவிடுகிறேன். வலித்தது. கொட்டகையிலிருந்து வீடு பத்து நிமிட நடை. வழியெல்லாம் அந்த ஒன்று என்கிற எண்தான் கண் முன் நின்றது. மகள் போய்விட்டாள். அடுத்த மாதத்திலிருந்து கடையை வாரத்தில் மூன்று நாள் மட்டும் திறப்பதாக அவர் முடிவு செய்திருக்கிறார். மீதி நான்கு நாள், இனி வரப்போகிற வருடங்களின் எல்லா நான்கு நாட்களும், எப்படிப் போகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதில் நான் இல்லை.

கேலிக் கதையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு வரிகூட ஓடவில்லை. கோமாளியாக எழுதப்பட்டவர் என்னைப் பார்த்துச் சிரிப்பதாகத் தோன்றியது. அழுதேன். கொஞ்சம்தான். எழுதுகிறவர்கள் அழும்போதுகூட இதை எந்த இடத்தில் போடலாம் என்று ஒரு மூலையில் யோசித்துக்கொண்டிருப்பார்கள். இதோ, இங்கே போட்டுவிட்டேன்.

இப்போது அந்த வாக்கியம். முதல் எண்ணில் நான் உங்களிடம் மறைத்தது. வாசலில் ஹாரன் அடித்து, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மனிதரிடம் நான் சொன்னது இதுதான்:

“இந்த டப்பாவுல நான் உக்காருவேன்னு கனவுலகூட நினைக்காதீங்க.”

அவர் “சரி” என்றார்.

அவ்வளவுதான். கோபத்தில் சொல்லும் வார்த்தைக்கு இரண்டு முறை கெஞ்சினால் போதும், மூன்றாவது முறை நானே செருப்பைத் தேடிக்கொண்டு வருவேன் என்று எந்தக் கணவனுக்கும் தெரியும். இவருக்குத் தெரியாது. இவருடைய “சரி”க்கு “சரி” என்று மட்டும்தான் அர்த்தம். இருபத்தாறு வருடத்தில் இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும்தான் சொன்னேனோ என்னவோ.

6

பேசியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. மகளும் அதைத்தான் சொன்னாள். ஆனால் பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் உயரும், அவருக்கு வாய் மூடும். அதனால் கதையின் அடுத்த தாளில் ஒரே வரி எழுதி, மேசையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

«மனைவி கேட்டாள்: ஆள் ஒன்று என்று எழுதியது யார்?»

காலையில் கீழே பென்சிலில் பதில் இருந்தது.

நான்தான். நீதானே வரமாட்டேன்னு சொன்ன.

அவர் கடைக்குப் போனதும் நான் எழுதினேன்: «அவள் கோபத்தில் சொன்னாள்.»

மதியம் சாப்பிட வந்தவர் வழக்கம் போல் சாப்பிட்டார், வழக்கம் போல் கையைத் துடைத்துக்கொண்டார், போனார். தாளில்:

கோபம்னு எனக்கு எப்படித் தெரியும்? கடையில ஒருத்தர் ரெண்டாவது லென்ஸ்தான் தெளிவுன்னு சொன்னா, இல்ல, உங்களுக்கு முதலாவதுதான் தெளிவுன்னு நான் சொல்ல முடியாது. அவங்க கண்ணு.

படித்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. நானும் கடைக்கு வந்த ஆளா? பேனா தாளைக் கிழிக்கிற வேகத்தில் எழுதினேன்: «ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, திரும்பக் கேட்டிருக்கலாம்.»

சாயங்காலம் அவர் பென்சிலைச் சீவும் சத்தம் கேட்டது. நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன். அவர் வெளியே போன பிறகு ஓடிப்போய்ப் பார்த்தேன்.

நாலு மாசமா தினம் கேட்டேன். காலைல காட்டின ரெண்டு படம். ஒண்ணு பதிமூணு, நம்ம ரெண்டு பேருக்கு. இன்னொண்ணு பதினாலு, எனக்கு மட்டும். படத்துக்குக் கீழயே எழுதியிருந்தேன். நீ ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்ன.

அலமாரியைக் குடைந்து அட்டைகளை எடுத்தேன். எழுதியிருந்தார். அதே உருண்டைக் கையெழுத்து. ஒன்றின் கீழே “நாம்” என்றும் இன்னொன்றின் கீழே “நான்” என்றும்.

(வாசகரே, இது நான் ஜோடித்தது என்று நினைக்கிறீர்கள். டயர் அளவில் போய்த் தாம்பத்தியம் வந்து உட்காருமா என்று. நானாக ஜோடித்திருந்தால் இதில் என்னை இவ்வளவு மோசமாகக் காட்டியிருக்க மாட்டேன்.)

அட்டைகளைத் தாளின் மேல் வைத்தேன். «நான் பார்க்கவே இல்லை» என்று மட்டும் எழுதினேன். மறுநாள், வெள்ளிக்கிழமை காலை, அதற்குக் கீழே ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தார்:

வர்றதா இருந்தா, பக்கத்து சீட் எடை: ____ கிலோ. நாளைக்கு மணல் மூட்டை வெச்சு அளந்துட்டு எந்த சைஸ்னு முடிவு பண்ணலாம்.

சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். பேனாவை எடுத்துக் கோடிட்ட இடத்தை உடனே நிரப்பினேன். 58.

 பொய்.

7

அன்று பகல் முழுக்க முடிவுகளை எழுதிப் பார்த்தேன். மூன்று தேறின.

முதல் முடிவில் பதினான்கு அங்குலம் போட்டுவிடுகிறார்கள். ஒரு வளைவில், ஒரு பள்ளத்தில், டயர் கிழிகிறது. அவள் கை அவர் கையைத் தேடுகிறது. இதற்கு மேல் எழுதக் கூசியது. உயிரோடு பக்கத்து அறையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவரை அப்படி எழுதலாமா?

இரண்டாவதில் அவள் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவர் சிரித்துக்கொண்டே காரை விற்றுவிட்டு நான்கு பேர் போகிற காராக வாங்குகிறார். இதை நம்புகிறவர்கள் அவரைச் சந்தித்ததில்லை.

மூன்றாவதில் இரண்டு செட் சக்கரம் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் தனியாகப் போகிற நாளில் ஒன்று, இருவரும் போகிற நாளில் இன்னொன்று என்று மாட்டிக்கொள்கிறார்கள். நடைமுறைக்கு ஒத்துவரும். இப்படிப்பட்ட யோசனைகள்தான் கதைகளைக் கொல்கின்றன.

ஐம்பத்தெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அது முழுப் பொய் இல்லை. ஒரு காலத்தில் அது என் எடைதான். மகள் பிறப்பதற்கு முன். இன்சூரன்ஸ் படிவத்தில், ஜிம்மில் ஒரே ஒரு மாதம் பணம் கட்டிய அட்டையில், டாக்டர் கேட்கும்போது எல்லாம் அதையே சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. பேனாவும் பழகியிருக்கும் போல. உண்மையான எண் இந்தக் கதையில் எந்த இடத்திலும் வராது. தேட வேண்டாம்.

8

சனிக்கிழமை காலை. கொட்டகையில் வெயில் பாதி, நிழல் பாதி. காரின் பின்னால், பக்கத்து இருக்கை இருக்கும் பக்கம், வலைப்பின்னல் போட்ட அந்த ஒற்றை மாதிரிச் சக்கரம் மாட்டியிருந்தது. நான் முதன்முதலாக அதை ஒழுங்காகப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. நான்கு மாதம் குந்தியிருந்ததற்கு நியாயம் இருக்கிறது என்று தோன்றியது.

காத்தக்கா மூன்று மணல் மூட்டைகளைத் தராசில் வைத்து, கொஞ்சம் கொட்டி, கொஞ்சம் போட்டு, ஐம்பத்தெட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். என் கணவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தார். சரிந்துவிடாதபடி ஒன்றின் மேல் ஒன்று சாய்த்தார். பிறகு சீட் பெல்ட்டை இழுத்து, மூட்டைகளைச் சுற்றிப் போட்டு மாட்டினார். இதை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் பார்த்துவிட்டேனே.

அவர் ஓட்டும் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். காத்தக்கா காரின் பின்பக்கத்தில் இரண்டு கையையும் ஊன்றி முழு பலத்தோடு அமுக்கி, அமுக்கியபடியே ஒரு கையை எடுத்து மட்கார்டுக்குள் விரலை விட்டார்.

“போகுது சார்! மயிரிழையிலதான் போகுது, ஆனா போகுது. ரெண்டு பேருக்கும் போதும். பதினாலே போட்டுடலாம்.”

என் கணவர் தலையைத் திருப்பி என்னைத் தேடினார். அவருடைய முகத்தைப் பற்றி நான்கு வாக்கியம் எழுதி நான்கையும் அடித்துவிட்டேன். சந்தோஷப்பட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“பாத்தியா? உனக்கும் இடம் இருக்கு!”

நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அவர் போனை எடுத்தார். அந்தச் சக்கரம் செய்கிறவர்களின் எண்ணைத் தேட ஆரம்பித்தார். யார் எதைச் சொன்னாலும் எழுதிக்கொள்கிற மனிதர். நான் சொன்ன ஐம்பத்தெட்டை மூட்டை கட்டி, பெல்ட் போட்டு, பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் ஆசைப்பட்ட சக்கரம் வந்துவிடும். முதல் பள்ளத்தில் உரசும். என்னவென்று இறங்கிப் பார்ப்பார், மறுபடி கணக்குப் போடுவார், கணக்கு சரியாகத்தான் இருக்கும். எங்கே தப்பு என்று இன்னொரு நான்கு மாதம் குந்தியிருப்பார். அல்லது நான் ஒவ்வொரு வாரமும் ஒரு சாக்கு கண்டுபிடித்து வீட்டிலேயே இருந்துவிடலாம். தலைவலி, முழங்கால், எழுத்து வேலை. ஐம்பத்தெட்டு கிலோ உள்ள ஒருத்தி அவரோடு சுற்றிக்கொண்டிருப்பாள், நான் வீட்டில் இருப்பேன்.

“ஏங்க, போனை வைங்க” என்றேன். “அந்த மூட்டையை எறக்குங்க.”

“ஏன்? அளந்தாச்சே.”

“நான் உக்காரறேன்.”

“அதான் ஐம்பத்தெட்டு கிலோ வெச்சுப் பாத்தாச்சே, அதுவும் நீயும் ஒண்ணுதானே.”

“ஒண்ணு இல்ல. எறக்குங்க.”

காத்தக்கா என்னைப் பார்த்தார். ஒரு பெண்ணுக்கு இன்னொரு பெண் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. வந்து பெல்ட்டைக் கழற்றி, மூட்டைகளைத் தரைக்கு இறக்கி, இருக்கையில் சிந்திய மணலைத் துடைத்துவிட்டார்.

கதவு தாழ்வு. ஒரு காலை உள்ளே வைத்து, தலையைக் குனிந்து, மீதி உடம்பைச் சேர்த்துக் கீழே விட வேண்டும். இருக்கை நான் நினைத்ததைவிட ஆழத்தில் இருந்தது. நான் உட்கார்ந்ததும் கார் இறங்கியது. எனக்கே தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது, கையை ஸ்டியரிங்கில் வைத்திருந்தவர் மெல்ல என் பக்கம் திரும்பினார். அவருடைய தோளும் என் தோளும் ஒட்டியிருந்தன. அவ்வளவு சின்னக் கார்.

“எவ்வளவு?” என்று கேட்டார். மெதுவாக, காத்தக்காவுக்குக் கேட்காதபடி.

காதோடு சொன்னேன். டாக்டரிடம் சொல்லாத எண்ணைச் சொன்னேன்.

அவர் சட்டைப் பையில் இருந்த பென்சிலைத் தொட்டார். எடுக்கவில்லை. சிரிப்பை அடக்கத் தெரியாத மனிதர் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது.

“ஆடாதீங்க ரெண்டு பேரும், அளக்கணும்” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. காத்தக்கா முழங்கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் காரை அமுக்கி, மறு கையின் விரலை மட்கார்டின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். என் கணவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வயிற்றை எக்கிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். மூச்சை அடக்கினால் எடை குறையாது என்று பள்ளிக்கூடத்தில் படித்தவள்தான்.

“அக்கா” என்றார் காத்தக்கா, “மூச்சை விட்டுட்டு சாதாரணமா உக்காருங்க. நீங்க இப்படியேவா ஊரெல்லாம் போகப்போறீங்க?”

இந்த இடத்தில் நான் நிறுத்திக்கொள்கிறேன். விரல் போனால் பதினான்கு, போகாவிட்டால் பதிமூன்று. எது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அவருக்குப் பதினான்கு பிடிக்கும் என்பதற்காகக் கருணை காட்ட வேண்டாம், பதிமூன்றுதான் பாடம் என்று எனக்குப் புத்தி சொல்லவும் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை. எங்களை இறக்கிவிட்டு அளக்கக் கூடாது. இருவரும் உள்ளேதான் இருப்போம்.

நான் மூச்சை விட்டுவிட்டேன். அளந்துகொள்ளுங்கள்.